தீ அணைந்த வீட்டில் மூன்று வழிகள்: நாமே சுத்தம் செய்வதா, தெரிந்தவரிடம் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

முழுதும் எரிந்து சாம்பலாகிவிட்ட வீட்டில் பொருள்களைப் பற்றி முடிவெடுக்க அதிகம் மிஞ்சுவதில்லை. ஓர் அறை மட்டும் எரிந்து, மற்ற அறைகள் புகையால் கறுத்து, தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சிய தண்ணீர் கூடம்வரை தேங்கி நிற்கும் வீட்டில்தான் குடும்பத்தினர் திகைத்துப் போகிறார்கள். ஏசியிலோ சுவிட்ச் போர்டிலோ ஏற்பட்ட மின்கசிவால் படுக்கையறை எரிந்துபோன ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அத்தகைய வீட்டில் பெரும்பாலான பொருள்கள் உருக்குலையாமல், ஆனால் கரி படிந்தும் வாடை ஏறியும் கிடக்கும். அவை ஒவ்வொன்றையும் நாமே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம், அந்தந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சீர்செய்யலாம், அல்லது கைவிட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்.

பலர் இந்த முடிவை வீடு முழுவதற்கும் ஒரே அடியாக எடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்லும் உறவினர் ஒருவர் இருப்பார். வேலையாட்கள் நால்வரை வைத்து ஒரே நாளில் கழுவித் தள்ளிவிடலாம் என்பவர் இன்னொருவர். இரண்டு யோசனைகளிலும் அக்கறை இருக்கிறது; இரண்டாலும் இழப்பு கூடுகிறது. வழியைப் பொருளுக்குப் பொருள் தனியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: எது எரிந்து வந்த புகை அந்தப் பொருளின்மேல் படிந்திருக்கிறது, அந்தப் பொருள் புகையை உள்ளே உறிஞ்சக்கூடியதா, அது போனால் திரும்பக் கிடைக்குமா.

கை வைப்பதற்கு முன்

தீயணைப்பு நிலைய அலுவலர் உள்ளே செல்லலாம் என்று சொல்லும்வரை எந்தப் பொருளும் அவசரமானதல்ல. தீ அணைந்ததாகத் தோன்றிய பிறகும் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து மறுபடி பற்றக்கூடும் என்பதால், கருகிய மெத்தையை முதலில் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் நன்றாக நனைத்துவிட வேண்டும். கான்கிரீட் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் பல நேரங்களில் இளஞ்சிவப்பு நிறம் காட்டும்; எரிந்த அறையின் தளத்திலோ உத்திரத்திலோ அந்த நிறமோ பெயர்ந்து விழுந்த சிமெண்டுப் பத்தைகளோ தென்பட்டால், கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் அங்கே நின்று வேலை செய்யக் கூடாது. பழைய வீடுகளின் கல்நார்க் கூரைத் தகடுகள் சூட்டில் வெடித்துச் சிதறியிருந்தால் அவற்றை உலர்ந்த நிலையில் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ள வேண்டும்; அந்த இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியேறுவதில்லை. வேலை செய்கிற எல்லோருக்கும் என்-95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும். துணிக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது.

கைவிட வேண்டியது என்று வெளிப்படையாகத் தெரிகிற பொருளைக்கூட உடனே வெளியே வீசக் கூடாது என்பதற்குக் காப்பீடு ஒரு முக்கியமான காரணம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கிவரும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தில், கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி எது என்று பலருக்கு நினைவே இருப்பதில்லை; கடன் கோப்பை முதல் நாளே எடுத்துப் பார்க்க வேண்டும். எரிவாயு சிலிண்டரால் நேர்ந்த விபத்தாக இருந்தால், எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின்கீழ், இணைப்புப் பதிவான முகவரியில் ஏற்பட்ட பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கோர முடியும். அதற்கு எரிவாயு முகவரிடம் எழுத்து மூலம் உடனே தெரிவித்திருக்க வேண்டும். எந்தக் கோரிக்கையானாலும் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும் தேவைப்படும். ஆகவே ஒவ்வோர் அறையையும் இருந்தபடியே படமெடுத்து, பீரோ, அலமாரி ஆகியவற்றின் கதவுகளைத் திறந்து உள்ளிருப்பதையும் படமெடுத்து, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பின்பே குப்பையை அகற்ற வேண்டும். அவர் வருவதற்குத் தாமதமானால், கைவிட்ட பொருள்களை மொட்டைமாடியிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாம். தண்ணீரைத் துடைப்பதும் நனைந்தவற்றை உலர்த்துவதும் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமையுமாகும்.

எரிந்தது எது என்பதே முதல் கேள்வி

மரம், காகிதம், பருத்தித் துணி ஆகியவை கொழுந்துவிட்டு எரியும்போது வரும் கரி பெரும்பாலும் உலர்ந்தது, ஊதினால் பறக்கும். பிளாஸ்டிக், ரப்பர், ஃபோம் மெத்தை ஆகியவை எரிந்து வரும் கரி பிசுபிசுப்பானது. விரலால் தொட்டால் இழுபடும். அடுப்பில் இருந்த கறியோ எண்ணெயோ தீய்ந்து கிளம்பும் புகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மஞ்சள் படலமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மற்ற இரண்டையும்விட மோசமாக நாறும்.

நம் வீடுகளில் கவலைப்பட வேண்டியது இரண்டாவது வகை. நம் வீட்டு மின்கம்பிகளின் உறை, அந்தக் கம்பிகள் ஓடும் குழாய், சுவரோரத் தண்ணீர்க் குழாய் எல்லாமே பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. கரித் தூளோடு சேர்ந்து பாத்திரம், பூட்டு, கதவுக் கீல், தையல் இயந்திரம், தொலைக்காட்சியின் உள்பலகை என்று எல்லா உலோகப் பரப்பிலும் படியும் இந்த அமிலம், எரிந்த அறையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பொருளையும் அரிக்கத் தொடங்கிவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். மின்கசிவுத் தீ என்றால் உலோகப் பொருள்களுக்குச் சில நாள் அவகாசம்தான் உண்டு. விறகோ மரச்சாமானோ எரிந்த தீ என்றால் கொஞ்சம் நிதானமாகச் செய்யலாம்.

ஈரத் துணியா, உலர் ஸ்பஞ்சா?

நாமே சுத்தம் செய்வது என்று தீர்மானித்தவுடன் எல்லோருடைய கையும் வாளிக்கும் துணிக்கும்தான் போகிறது. கரி படிந்த சுவரிலும் மரத்திலும் துணியிலும் இதைவிடத் தவறான தொடக்கம் இல்லை. கரியில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. ஈரத் துணி பட்டதும் அது மேற்பரப்பின் நுண்துளைகளுக்குள் மைபோல் இறங்கி, பிறகு எந்தச் சோப்புக்கும் வெளியே வராமல் நின்றுவிடும். முதலில் உலர்முறைதான்: மென்மையான தூரிகையால் தட்டுவது, நுண்துகள் வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் தொடாமல் மேலிருந்தவாறே உறிஞ்சுவது, பிறகு வல்கனைஸ் செய்த ரப்பரால் ஆன உலர் ஸ்பஞ்சால் ஒரே திசையில் இழுத்துத் துடைப்பது. இந்த ஸ்பஞ்சை நனைக்கவே கூடாது; ஒரு பக்கம் கறுத்ததும் அந்தப் பரப்பைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஆன்லைனில் புகைக்கரி நீக்கும் ஸ்பஞ்சு என்று தேடினால் கிடைக்கும். அதன் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சுவருக்கு மறுபூச்சு அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண வேக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள். முன்னால் உறிஞ்சிய நுண்கரியைப் பின்னால் காற்றோடு அறை முழுக்கப் பரப்பிவிடும். தீயணைப்பான் உருளையிலிருந்து வந்த மஞ்சள் அல்லது வெள்ளைப் பொடி இருந்தால் அதையும் உலர்ந்த நிலையிலேயே அள்ள வேண்டும். ஈரம் பட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும்.

ஈரமுறைக்கு உரியவை எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், கிரானைட், தரை ஓடு போன்ற, எதையும் உறிஞ்சாத பரப்புகள். அவற்றை நேரடியாக வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவலாம். பிசுபிசுப்பான கரியாக இருந்தால் சலவைச் சோடா கலந்த வெந்நீர் நன்றாக வேலை செய்யும். அலுமினியத்துக்கு மட்டும் சலவைச் சோடா கூடாது, உலோகத்தையே தின்றுவிடும்.

சமையலறை

உணவுப் பொருளில் பேரம் பேச இடமில்லை. மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் இருந்த அரிசியும் பருப்பும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூடிகள் காற்றுப் புகாதவை அல்ல. திருகுமூடிக் கண்ணாடிச் சீசாவும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டியின் கதவும் புகையை முழுமையாகத் தடுப்பதில்லை. ஆண்டு முழுமைக்கும் போட்டு வைத்த ஊறுகாய் ஜாடியைக் கொட்டுவதற்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். வேடு கட்டிய ஜாடிக்குள் புகை புகுந்திருக்கும், கொட்டத்தான் வேண்டும். மருந்துகள், முகப்பூச்சு, எண்ணெய், குழந்தைகள் வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள்கள், பால் புட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே முடிவுதான்.

பாத்திரங்களில் எவர்சில்வர்தான் நமக்கு மிச்சமாகும் பெரிய சொத்து. அதைப் பிவிசி அமிலம் புள்ளி புள்ளியாக அரிப்பதற்குள் கழுவிவிட்டால் பழையபடி ஆகிவிடும். பித்தளையையும் வெண்கலத்தையும் முதலில் சோப்புத் தண்ணீரில் கரி போகக் கழுவிவிட்டு, பிறகு வழக்கம்போல் புளி போட்டுத் தேய்க்கலாம். பரம்பரையாக வந்த பழைய பஞ்சலோகச் சிலைகளுக்குப் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். மென்தூரிகையோடு நிறுத்திக்கொண்டு, வல்லுநரிடம் காட்டும்வரை ஈரம் படாமல் வைத்திருங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் எரிந்த அறைக்கு அருகில் இருந்திருந்தால் கட்டியாகத்தான் கிடைக்கும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சு கழன்றிருந்தால் மறுபடி பூசாமல் அதில் புளிப்பான எதையும் சமைக்கக் கூடாது. பிரஷர் குக்கரின் உடம்பு நெளியாமல் இருந்தாலும் ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் மாற்றிவிட வேண்டும். வால்வுக்குள் இருக்கும் எளிதில் உருகும் உலோகம் சூடுபட்டிருந்தால் அதை நம்ப முடியாது. நான்-ஸ்டிக், பிளாஸ்டிக், மெலமைன், மண்சட்டி, மரக் கரண்டி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சூடுபட்ட எரிவாயு சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர் குழாய் மூன்றும் முகவரிடம் திரும்பப் போக வேண்டியவை.

துணிமணிகள்

மூன்று வழிகளும் உண்மையாகவே போட்டியிடுவது துணியில்தான். தினசரிப் பருத்தித் துணிகளை நாமே துவைக்கலாம். விரைவாகத் துவைக்கவும் வேண்டும், ஏனென்றால் கரியில் உள்ள அமிலம் பருத்தி இழையை நாளடைவில் இற்றுப்போகச் செய்யும். முதலில் மொட்டைமாடியில் உதறி, கரி போகும்வரை தட்டி, குளிர்ந்த நீரில் அலசி, அதன் பிறகு சோப்புத்தூளும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும். வாடை போயிற்றா என்று முகர்ந்து பார்த்து, போகவில்லை என்றால் மறுபடி துவைக்க வேண்டும். வாடை முற்றிலும் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். சூடு கரியையும் வாடையையும் இழைக்குள் நிலைநிறுத்திவிடும். பாலியெஸ்டர் துணி ஓரிடத்தில் உருகியிருந்தால் அது தேறாது.

பட்டு வேறு கதை. பட்டு புரத இழை. பருத்திக்கு உதவிய சலவைச் சோடாவின் காரம் பட்டைக் கெடுத்துவிடும். சரிகையில் வெள்ளியும் செம்பும் இருப்பதால் குளோரைடு கலந்த கரி பட்டால் கறுத்தோ பச்சை பூத்தோ போகும். ஆகவே பட்டுப்புடவைக்கு நாமே துவைப்பது என்ற வழியே இல்லை என்பேன். அதைப் பிரித்து, தூய வெள்ளைப் பருத்தித் துணிமேல் விரித்து, மென்தூரிகையால் கரியைத் தட்டிவிட்டு, நிழலில் காற்றாட விடுவது மட்டுமே நம் வேலை. பிறகு டிரை வாஷ் கடைக்குக் கொடுக்கும்போது, இது தீ விபத்தில் புகைபட்ட துணி என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஒரே ஒரு புடவையைக் கொடுத்து, அது திரும்பி வந்த பிறகு மற்றவற்றைக் கொடுக்க வேண்டும். பல கடைகளில் வழக்கமாகச் செய்யும் ரோலிங் பாலிஷ் சூடான உருளையில் நடப்பதால், வாடை போகும்வரை அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெருமுனைக் கடை வாங்கி அனுப்பும் இடம் மட்டும்தானா, சலவை எங்கே நடக்கிறது, யார் பொறுப்பு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பத்துப் புடவைகளின் சலவைக் கூலி ஒரு புதிய காஞ்சிபுரம் புடவையின் விலையை நெருங்காது என்பதால், வல்லுநரிடம் கொடுப்பதே இங்கே கணக்குக்கும் பொருந்துகிறது.

தீப்பட்ட துணியை உடுத்தக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை வாதிட்டு வெல்ல முயல வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்கள் மனம் ஒப்பாத துணியை எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும் அது பீரோவில்தான் கிடக்கும். செலவழிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது. கல்யாணப் புடவை விஷயத்தில் மட்டும், உடுத்தாவிட்டாலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

மெத்தை, மரச்சாமான், மின்சாதனம்

ஃபோம் மெத்தை, சோபா, தலையணை ஆகியவற்றில் தயக்கமே வேண்டாம். நுரையின் ஒவ்வொரு கண்ணறையிலும் புகை அடைந்திருக்கும், உறையை மட்டும் துவைத்துப் பயனில்லை. தண்ணீரில் ஊறிய துகள்பலகை (பார்ட்டிகிள் போர்டு) அலமாரியும் கட்டிலும் உப்பிப் பிரிந்துவிடும். தேக்கு, கருங்காலி, ரோஸ்வுட் போன்ற திட மரச்சாமான்களை ஒருபோதும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்; மேற்புறம் கருகியிருந்தாலும் நல்ல ஆசாரி இழைத்து, மெருகேற்றித் தந்துவிடுவார். ஈரம் பட்ட மரத்தை வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்பதால் நிழலில் காற்றோட்டமாகத்தான் உலர்த்த வேண்டும். இரும்பு பீரோவை உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, வண்ணம் அடித்துப் பயன்படுத்தலாம். பூட்டுக்குள் மட்டும் எண்ணெய் விட மறக்கக் கூடாது.

மின்சாதனங்களில், வேலை செய்கிறதா என்று சொருகிப் பார்ப்பதுதான் பெருங்கேடு. கரி மின்சாரத்தைக் கடத்தும். நன்றாக இருக்கும் பலகையும் அந்த ஒரு சோதனையில் எரிந்துபோகும், சில சமயம் மறுபடி தீயும் பிடிக்கும். மடிக்கணினியையும் வன்தட்டையும் இயக்காமல், உலர்ந்த உறையில் போட்டுச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே சாதனத்தின் விலையை யோசிக்காமல் உள்ளே இருக்கும் படங்களின் மதிப்பை யோசித்து, தரவு மீட்பவரிடம் கொடுப்பதா என்று தீர்மானியுங்கள். மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி அவற்றின் விலைக்கு அருகில் வந்துவிடும். புதிது வாங்குவதே மேல். கிரைண்டரின் கல் பிழைக்கும், மோட்டார் பிழைக்காது. குளிர்சாதனப் பெட்டியின் காப்புநுரை வாடையை ஏற்றுக்கொண்டிருந்தால் அது பிறகு வைக்கும் பாலில்கூடத் தெரியும். சூடுபட்ட பவர் பேங்க், கைப்பேசி, மின்ஸ்கூட்டர் பேட்டரிகள் நாள்கள் கழித்தும் தானே பற்றக்கூடியவை. அவற்றை அன்றே வீட்டுக்கு வெளியே, எதுவும் எரியாத இடத்தில் வைக்க வேண்டும்.

நகையும் பணமும்

தூய தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். வெள்ளிக்கு 962 டிகிரி. பீரோவுக்குள் இருந்த நகை பெரும்பாலும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. பற்றவைத்த இணைப்புகள் அதற்கு முன்பே இளகிவிடுவதால், சங்கிலி துண்டுகளாகக் கிடைக்கலாம். முத்தும் பவளமும் பிழைப்பதில்லை. வைரம் வெளுத்து மங்கியிருந்தால் மெருகேற்றுபவரிடம் காட்டலாம். எரிந்த அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன் சாக்கடைத் துளையை அடைத்துவிட்டு, பீரோ இருந்த இடத்துச் சாம்பலை மெல்லிய சல்லடையில் சலித்தெடுக்க வேண்டும். இதை வேலையாட்களிடம் விடாமல் குடும்பத்தினரே செய்யுங்கள். கிடைத்த கட்டிகளை எடைபோட்டுப் படமெடுத்து, ஹால்மார்க் மையத்தில் தூய்மையைச் சோதித்த பிறகே நகைக்கடையில் பேச வேண்டும். நகைகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷாவில் தனியாக விருப்பக் காப்பீடு எடுத்திருந்தால்தான் இழப்பீடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரூபாய் நோட்டுகள் பொதுவாகக் காப்பீட்டில் வருவதில்லை. ஆனால் கருகிய நோட்டு செல்லாதது என்று எறிந்துவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நோட்டு மாற்று விதிகள் 2018-இல் திருத்தப்பட்டபடி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் ஒரே துண்டாக 80 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். ஓரம் கருகிய நோட்டுகளை வங்கிக் கிளையில் கொடுக்கலாம். தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் கருகியவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றையும் கிளைகள் வாங்குவதில்லை. அவற்றைத் தனி நடைமுறையின்கீழ் ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகமே பரிசீலிக்கிறது. சென்னையில் அது ராஜாஜி சாலையில் உள்ளது. கட்டைப் பிரிக்க முயலாமல், இருந்த நிலையிலேயே பஞ்சுக்கு நடுவே ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

காகிதங்கள்

காகிதத்தை முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஏதோ ஓர் அலுவலகம் கொடுத்த காகிதம் என்றால் அதைக் காப்பாற்ற அரும்பாடு படத் தேவையில்லை. பதிவான கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டாவை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆதார், வாக்காளர் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மறுநகல் பெற வழி உண்டு. கருகிய மூலத்தின் மிச்சத்தை மட்டும் எறியாமல் வைத்திருங்கள். மறுநகல் கேட்கும்போது அதுவே சான்றாகும்.

தாத்தா கைப்பட எழுதிய கடிதம், ஜாதக நோட்டு, திருமண ஆல்பம் ஆகியவற்றுக்கு மறுநகல் கொடுக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. சேமிப்பதற்கான உழைப்பையும் பணத்தையும் இவற்றில்தான் செலவிட வேண்டும் என்று நான் திடமாக நம்புகிறேன். நனைந்த காகிதத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அத்தனையையும் அதற்குள் உலர்த்த முடியாது என்று தெரிந்தால், பாலித்தீன் உறைகளில் போட்டுப் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள்; உறைந்த நிலையில் கேடு அப்படியே நின்றுவிடும், வாரங்கள் கழித்துப் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களைப் பிய்க்கக் கூடாது. ஒட்டாதவற்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலே இருக்குமாறு நிழலில் பரப்ப வேண்டும். கரி மட்டும் படிந்து ஈரம் படாத படங்களுக்குத் தண்ணீர் காட்டவே வேண்டாம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணாம்புக் கலவையின்மேல் தங்கத் தகடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஈரத் துணி பட்டால் கலவையே கரையும். இத்தகையவற்றையும் ஓலைச் சுவடிகளையும் வைத்திருப்பவர்கள், 1930-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு ஆய்வகத்தைக் கொண்டிருக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

வாடையும் வசிப்பிடமும்

புகைவாடையைப் போக்கச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். அது வாடையைச் சில மணி நேரம் மறைக்குமே தவிர நீக்காது. ஏற்கெனவே புகையால் புண்பட்ட நுரையீரல்களுக்கு இன்னும் கொஞ்சம் புகையையும் சேர்க்கும். சுத்திகரிப்பு நிறுவனங்கள் ஓசோன் கருவியைப் பரிந்துரைப்பதுண்டு. மனிதர்கள் இருக்கும்போது பாதுகாப்பாக இருக்கும் அளவில் ஓசோன் வாடையைத் தீர்க்காது. வாடையைத் தீர்க்கும் அளவில் அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ரப்பரையும் வெடிக்கச் செய்யும். ஆட்கள், வளர்ப்புப் பிராணிகள், செடிகள் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, தெரிந்தவர்கள் இயக்கி, பிறகு நன்றாகக் காற்றோட்டம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அதை ஏற்கலாம். அதுவும் கரியைத் துடைத்தெடுத்த பிறகுதான். சுவருக்கும் அப்படியே: கரிமேல் நேரடியாக வண்ணம் அடித்தால் சில வாரங்களில் பழுப்புக் கறை மேலே கசிந்து வரும், உலர் ஸ்பஞ்சு, சோப்புத் தண்ணீர், கறை தடுக்கும் பிரைமர், அதன் பிறகு வண்ணம் என்பதே சரியான வரிசை.

நிறுவனத்தை அமர்த்துவது சுவர், கூரை, ஏசிக் குழாய், தரை ஆகிய பெரும்பரப்பு வேலைகளுக்குச் சரியான வழி. வழக்கமான வீட்டுச் சுத்தம் செய்பவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கரியை முதலில் எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பிரஷர் வாட்டர் என்று பதில் வந்தால் அவர்களை விட்டுவிடலாம். காப்பீட்டில் கோரப்போகும் செலவு என்றால், வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிச் சர்வேயருக்கு அனுப்பிவிடுவது அவசியம்.

வாடகை மிச்சமாகும் என்று அதே வீட்டின் எரியாத அறையில் தங்கிக்கொண்டு வேலையைச் செய்யலாமா என்ற கேள்வி கடைசியில் வரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், முதியவர்கள் இருக்கும் குடும்பம் வெளியே தங்குவதே நல்லது. பாரத் கிருஹ ரக்ஷாவில், வீடு குடியிருக்கத் தகுதியற்றதாகிவிட்டால் மாற்று வீட்டு வாடகைக்கும் இடமுண்டு. சூடுபட்ட மின்கம்பிகள் அனைத்தும் மாற்றப்பட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துச் சான்று தந்த பிறகு, ஒரு நாள் முழுக்கச் சன்னல்களை அடைத்து வைத்துத் திறந்து பாருங்கள். வாடை அடித்தால் அறையிலோ அலமாரியிலோ ஏதோ ஒரு பொருள் இன்னும் புகையைக் கக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே எடுத்துவிட்டு, மறுபடி ஒரு நாள் அடைத்துச் சோதித்த பிறகு குடியேறலாம்.